ஹாட்டி மெக்டேனியல் பற்றி எழுதப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆஸ்கர் சீசன் வந்தால் ஹாட்டி மெக்டேனியல் பற்றிய பதிவுகளும் சுற்றுக்கு வந்துவிடும். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர், விருது விழாவில் ஓரத்து மேஜை, கடைசியில் ஒரு கண்ணீர் எமோஜி. அதில் பொய்யில்லை. ஆனால் 59 வயது வரை வாழ்ந்த ஒருவரை ஒரே இரவுக்குள் மடக்கிவிடுகிறோம். அந்த இரவையாவது சரியாகச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை.

கையில் தங்கச் சிலையோடு அவர் சிரிக்கும் படம் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். 'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940 பிப்ரவரி 29 அன்று அவருக்குக் கிடைத்தது சிலை அல்ல, பலகை வடிவில் ஒரு பட்டயம். துணை வேடங்களுக்கான விருது என்றால் அப்போது வெள்ளையர்களுக்கும் பட்டயம்தான். 1943ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்துதான் சிலை கொடுக்க ஆரம்பித்தார்கள். எனவே 'கறுப்பர் என்பதால் சிலையை மறுத்தார்கள்' என்று எழுதாதீர்கள்.

நிறவெறி அன்று வேறு இடத்தில் இருந்தது. விழா நடந்த அம்பாசடர் ஹோட்டல் கறுப்பர்களை விருந்தினராக உள்ளே விடாது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அப்படியும் படக்குழுவினரின் மேஜையில் இடம் தரவில்லை. சுவரோரம் ஒரு சின்ன மேஜை. கூட வந்த நண்பர், தன் ஏஜென்ட், அவ்வளவுதான். அங்கிருந்து எழுந்து வந்து, அதே படத்துக்காக அதே பிரிவில் போட்டியிட்ட ஒலிவியா டி ஹாவிலண்டைத் தாண்டி விருதை வாங்கினார்.

இதையும் அட்லாண்டா சம்பவத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குத்தான் ஜார்ஜியாவின் நிறப்பிரிவினைச் சட்டங்களால் அவர் போக முடியவில்லை. அதே மாதக் கடைசியில் ஹாலிவுட்டில் நடந்த காட்சிக்குப் போனார். 'ஹாட்டி இல்லாமல் நானும் வரமாட்டேன்' என்று படத்தின் நாயகன் கிளார்க் கேபிள் அடம்பிடித்த கதை கேட்க நன்றாக இருக்கிறது. 'சொல்லப்படுகிறது' என்று சேர்த்தே எழுதுங்கள். பட்டயத்தை மாணவர்கள் பொட்டோமாக் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்பதும் அந்த வகைதான். உயிலின்படி வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டயம் பிறகு காணாமல்போனது உண்மை. ஆற்றில் போனதற்கு ஆதாரம் இல்லை. 2023 அக்டோபரில் ஆஸ்கர் வழங்கும் அகாடமி மாற்றுப் பட்டயம் ஒன்றை அங்கே கொடுத்தது.

'காலம் முழுக்க வேலைக்காரி வேடம் போட்டவர்' என்ற ஒற்றை வரி அறிமுகமும் வேண்டாம். அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் கடைசிப் பிள்ளை. டென்வரில் வளர்ந்து, அண்ணன்மாரோடு மேடை ஏறி, 1920களில் ப்ளூஸ் பாடி இசைத்தட்டும் வெளியிட்டவர். பொருளாதார வீழ்ச்சியில் பிழைப்பு போனதும் மில்வாக்கி அருகே ஒரு கிளப்பில் கழிவறைப் பணியாளாகச் சேர்ந்து, கடைசியில் அதே கிளப்பின் மேடையிலேயே பாடினார். 1931இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்த பிறகும் பட வாய்ப்பு இல்லாத நாட்களில் வீட்டு வேலைக்குப் போனார். 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக வந்து எஜமானியை அவர் ஒரு முறைப்பு முறைப்பாரே, அந்த முறைப்புக்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலைக்காரியாக இருப்பதைவிட வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. பதிவுக்குப் பதிவு அதில் சம்பளக் கணக்கு மாறும். மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

இந்த வேடங்களுக்காக அவரைக் கறுப்பின அமைப்புகளே கண்டித்தன. வால்டர் வைட் தலைமையிலான என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பு 1940களில் ஸ்டூடியோக்களிடம் நேரடியாகவே முறையிட்டது. இதில் வைட்டை வில்லனாக்குவதும் சரியில்லை, ஹாட்டியைத் துரோகியாக்குவதும் சரியில்லை. அந்த வேடங்கள் இழிவானவை என்று வைட் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு வேடம் யாரும் தரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பிறந்த ஆண்டு 1895 என்று பல இடங்களில் இருக்கும். 1893 என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படுவது. 300 படம் என்று எழுதினால், அவற்றில் பெரும்பாலானவற்றில் பெயர்கூடத் திரையில் வரவில்லை என்பதையும் சேருங்கள். 'ப்யூலா' வானொலித் தொடர்தான் அவர் கொடி நாட்டிய இடம். தொலைக்காட்சி வடிவத்தில் சில பகுதிகளோடு உடல்நலம் கெட்டு விலகினார். ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறையில் இருப்பது 1999இல் வைத்த நினைவுக்கல் மட்டுமே. 1952இல் அவர் இறந்தபோது அந்த இடம் மறுக்கப்பட்டதால் உடல் ரோஸ்டேல் கல்லறையில் அடக்கமானது.

இவ்வளவு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் விட்டுவிடுவது அவருடைய வீட்டு வழக்கை. லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில், சுகர் ஹில் என்று பெயரெடுத்த மேட்டில், 1940களின் தொடக்கத்தில் ஒரு பெரிய வீடு வாங்கினார். அங்கே பல பத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வெள்ளைக்கார அண்டை வீட்டார் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹாட்டி வீட்டைக் காலி செய்யவில்லை. அங்கே குடியிருந்த மற்ற கறுப்பினத்தவரோடு சேர்ந்து வழக்கை எதிர்கொண்டார். லூயிஸ் பீவர்ஸ், எத்தெல் வாட்டர்ஸ் போன்ற நடிகைகளும் அதில் இருந்தார்கள். வாதாடியவர் லோரன் மில்லர். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் அந்தத் தெருக்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் கறுப்பர்களுக்கு அளிக்கும் உரிமையைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றாண்டு கழித்து, 1948இல், இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளில் வாதாடியவர்களில் லோரன் மில்லரும் ஒருவர்.