கோடு நகரவில்லை: அமெரிக்க நகரப் பட்டியல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் சென்ற வாரம் ஒரு பட்டியலோடு வந்து நின்றார்கள். அட்லாண்டாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய நகரமாம் ஜாக்சன்வில். முகத்தில் புதையல் எடுத்த பூரிப்பு. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே பூரிப்போடு இதையே எழுதிக் கொடுத்தவன் நான். கூட்டல் பிழை, மைல் கிலோமீட்டர் குழப்பம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார்.

நகர எல்லையை ஊர் என்று நம்புவது

ஜாக்சன்வில் 1968இல் டுவால் கவுண்டியோடு (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) ஒன்றாக்கப்பட்டது. காடும் சதுப்பும் புறநகரும் ஒரே வீச்சில் 'நகரம்' ஆயின. 2020 கணக்கெடுப்பில் அங்கே 9,49,611 பேர். அட்லாண்டாவில் 4,98,715 பேர். புறநகர்களையும் சேர்த்த பெருநகரப் பகுதியைப் பார்த்தால் கதை தலைகீழ்: அட்லாண்டாவில் 60 லட்சத்துக்கு மேல், ஜாக்சன்வில்லில் 16 லட்சம்.

இதையாவது சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். செயின்ட் லூயிஸ் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 1876இல் தன் கவுண்டியிலிருந்து பிரிந்துகொண்ட நகரம் அது. அன்று போட்ட எல்லைக்குள் சுமார் 160 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஊர் வளர்ந்துகொண்டே போயிற்று, கோடு நகரவில்லை. இன்று பெருநகரப் பகுதியில் சுமார் 28 லட்சம் பேர், கோட்டுக்குள் ஏறத்தாழ 3 லட்சம். லட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று பார்க்கும்போது அந்த 3 லட்சத்தால்தான் வகுக்கிறார்கள். அமைதியான புறநகர்கள் கணக்கிலேயே வருவதில்லை. ஜாக்சன்வில்லுக்கோ அவையும் சேர்ந்துகொண்டு விகிதத்தை இறக்கிவிடுகின்றன. செயின்ட் லூயிஸில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு ஊர்களையும் ஒரே ஏணியில் ஏற்றாதீர்கள் என்கிறேன். தன் புள்ளிவிவரங்களை வைத்து நகரங்களை வரிசைப்படுத்த வேண்டாம் என்று எஃப்பிஐயே எச்சரித்திருக்கிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில், மகளை செயின்ட் லூயிஸுக்குப் படிக்க அனுப்பியிருந்த என் அத்தை மகனுக்கு 'அபாயகரமான நகரங்கள்' பட்டியலை அனுப்பிவைத்தேன். "இதை விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, மச்சான்?" என்று நடுங்கிப்போய்க் கேட்டார். அவர் வீட்டில் ஒரு மாதம் யாருக்கும் தூக்கமில்லை. அந்தப் பெண் தங்கியிருந்ததோ கோட்டுக்கு வெளியே, கவுண்டியில். பட்டியலில் அந்த இடமே கிடையாது.

ஆளில்லாத ஊருக்கு விகிதம் போடுவது

கலிபோர்னியாவின் வெர்னனில் 2020இல் குடியிருந்தவர்கள் 222 பேர். தொழிற்சாலை வேலைக்கு வந்துபோகிறவர்கள் பல்லாயிரம். அங்கே நடக்கும் குற்றங்களை அந்த 222ஆல் வகுத்தால் விகிதம் என்னாகும் என்று சொல்ல வேண்டுமா?

மழை

அளவா, நாளா? சியாட்டிலில் தூறும் நாள்கள் அதிகம். ஆண்டு முழுவதும் கொட்டும் நீர் நியூயார்க்கில்தான் அதிகம்.

பட்டப்பெயர்

'காற்று நகரம்' சிகாகோ. சராசரிக் காற்று வேகம் பாஸ்டனில் கூடுதல்.

சரியான விடையை அழிப்பது

எல்லைக்கோட்டை விட்டுவிட்டு, கட்டடங்கள் தொடர்ந்து பரவியிருக்கும் பகுதியைக் கொண்டு மக்கள் நெருக்கத்தைக் கணக்கிடச் சொல்லி அந்த இருவரையும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்த பட்டியலில் லாஸ் ஏஞ்சலஸைக் காணவில்லை. கேட்டால், "நியூயார்க்கை முந்துகிறது, ஐயா. எங்கேயோ தப்பு என்று எடுத்துவிட்டோம்" என்கிறார்கள். முந்தத்தான் செய்கிறது: 2010 கணக்கில் சதுர மைலுக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 6,999 பேர், நியூயார்க் பகுதியில் 5,319 பேர். மன்ஹாட்டன் அடுக்கிய நெரிசலை பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் விசாலமான புல்வெளி வீடுகள் கரைத்துவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் புறநகர்களோ சின்னச் சின்ன மனைகள். அழித்த வரியை மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.