வாலைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்: இலங்கைக் காட்டுக்குப் போகும் சென்னைக்காரர்களுக்கு

காட்டு விலங்கு உங்களுக்கு முகம் காட்டாது. ஜீப் சத்தம் கேட்டதுமே திரும்பிப் புதருக்குள் நுழைந்துவிடும். நமக்கு மிஞ்சுவது இரண்டு நொடியும் ஒரு பின்புறமும்தான். அதனால் இலங்கைக்குப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது, வாலைப் பாருங்கள் என்றுதான். நீளமா குட்டையா, நுனி என்ன நிறம், தூக்கியிருக்கிறதா தொங்குகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் பெயர் சொல்லிவிடலாம். என் அக்கா பையன் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு முகத்துக்காகவே காத்திருப்பான். அவன் எடுத்த படங்களில் புதர்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன.

கிளம்பும் முன் அந்தத் தீவில் என்னென்ன இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். புலி இல்லை. செந்நாய், ஓநாய், கழுதைப்புலி இல்லை. காட்டுமாடு இல்லை, வெளிமானும் இல்லை. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாய் ஜாடையில் காட்டுக்குள் ஓடுவது ஒன்று குள்ளநரி, இல்லாவிட்டால் ஊர் நாய். புசுபுசுவென்ற வால் தரையைத் தொடுவதுபோலத் தொங்கினால் நரி. சுருண்டு மேலே நின்றால் நம்ம தெருநாயின் சொந்தக்காரர்.

பயிற்சியைச் சென்னையிலேயே ஆரம்பிக்கலாம், செலவே இல்லை. கிண்டிப் பக்கம் புள்ளிமான் இருக்கிறது. மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளீரென்று வெள்ளை தெரியும். இலங்கைப் புள்ளிமானும் இதையேதான் செய்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் காலி மனைகளில் கீரி ஓடும்போது வால் நுனியைக் கவனியுங்கள். நான் இருக்கும் மேற்கு மாம்பலத்தில் ராத்திரி ஓட்டின் மேல் தடதடவென்று ஓடும் மரநாயைப் பூனை என்று நினைத்துத் துரத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டார்ச் அடித்து வாலைப் பாருங்கள். உடம்பளவுக்கு நீளமாக, வளையம் எதுவும் இல்லாமல் கறுத்திருந்தால் மரநாய். வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையங்கள் இருந்து, அது தரையிலேயே போய்க்கொண்டிருந்தால் புனுகுப்பூனை. இந்த இரண்டும் இலங்கையிலும் உண்டு.

கீரிதான் ஆட்களைக் குழப்பும். நம் ஊரில் கண்ணில் படுவது பெரும்பாலும் சாம்பல் கீரி. வால் நுனி வெளிறியோ லேசாகச் சிவந்தோ இருக்கும், கறுப்பாக இருக்காது. இலங்கையில் இதையும் சேர்த்து நான்கு வகை. செங்கீரிக்கு வால் நுனி கன்னங்கரேலென்று இருக்கும், அதை மேலே வளைத்துக்கொண்டு நடக்கும். வறண்ட காட்டுப் பாதையில் ஜீப்புக்கு முன்னால் குறுக்கே போவது அனேகமாக இதுதான். நான்கிலும் பெரியதுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. அதற்கும் வால் நுனி கறுப்புதான் என்பதால் இங்கே மட்டும் கழுத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. நான்காவது முழுக்க அடர்பழுப்பு, வாலும் அதே நிறம்.

குரங்குகள் சுலபம். செங்குரங்குக்கு நம்ம ஊர்க் குரங்கு மாதிரியே உச்சந்தலையில் வட்டமாக விரிந்த முடி, உடம்பு செம்பழுப்பு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. அனுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளில் கரிய முகத்தோடு உட்கார்ந்திருப்பது சாம்பல் மந்தி. நடக்கும்போது அதன் நீண்ட வால் மேலெழுந்து பின்பக்கமாக வளைந்திருக்கும். ஊதாமுக மந்தியும் இலங்கைக்கே உரியதுதான். உடம்பு கறுப்பு அல்லது அடர்பழுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைத் தாடி. மரத்தை விட்டு அதிகம் இறங்காது. கொழும்பை ஒட்டிய தலங்கம ஏரிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலேயே இருக்கிறது. விடியற்காலையில் அது போடும் சத்தத்தைக் கேட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தால் போதும்.

சரி, எல்லோரும் கேட்கும் சிறுத்தைக்கு வருவோம். யால காட்டின் முதல் பிரிவில் சிறுத்தைகள் நெருக்கமாக இருக்கின்றன, ஜீப்புகள் அதைவிட நெருக்கமாக இருக்கின்றன. ஒரு சிறுத்தைக்கு இருபது வண்டி வரிசை கட்டினால் அது கண்காட்சி. நான் வில்பத்துவைத்தான் சொல்வேன். இலங்கையின் தேசியப் பூங்காக்களிலேயே பெரியது, வில்லு என்கிற இயற்கையான நீர்நிலைகள் நிறைந்தது. நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், அதற்குத் தயாராக இருங்கள். சிறுத்தையைத் தரையில் தேடுவதைவிடப் பெரிய மரங்களின் கிடைக்கிளைகளில் தேடுங்கள். உடம்பின் புள்ளிகள் இலை நிழலோடு கலந்துவிடும். தொங்கும் வால்தான் காட்டிக்கொடுக்கும். புத்தளத்துக்கார டிரைவர் ஒருவர் எங்களுக்கு அப்படித்தான் காட்டினார். “சித்தி, எங்கே, எங்கே?” என்று பையன் கேட்டு முடிப்பதற்குள் அவர், “தம்பி, கெளையப் பார்க்காதீங்க, கெளைக்குக் கீழ பாருங்க” என்றார்.

புள்ளிமான் தொடர்ந்து எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ, மந்திகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கத்தினாலோ வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஓட்டிக்கொண்டே தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கரடிக்கு வால் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதைப் பார்க்கப் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் போக வேண்டும். மரத்திலேறித் தின்னும், கீழே விழுந்ததையும் விடாது. வறண்ட பகுதிக் காடுகளுக்கு அக்டோபருக்குப் பிறகு நம்ம வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே மே முதல் செப்டம்பர் வரை தண்ணீர் வற்றி, விலங்குகள் குளங்களைத் தேடி வரும். மின்னேரியாக் குளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் யானைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்வது இதனால்தான். யாலவின் முதல் பிரிவைச் செப்டம்பர் வாக்கில் மூடிவிடும் வழக்கம் உண்டு, விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

யானையில் ஒரு எச்சரிக்கை. தந்தம் இல்லையென்றால் பெண் என்று முதுமலைக் கணக்குப் போடாதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. தும்பிக்கை தொடங்கும் இடம் தடித்துப் புடைத்திருந்து, தனியாக நின்றால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். புத்தளை–கதிர்காமம் சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தீனி கேட்கும். வாழைப்பழம் நீட்டுவது பாசம் இல்லை. அடுத்து வரும் வண்டிக்கு வைக்கும் ஆபத்து.

ராத்திரியில் தேவாங்கு. வாலே கிடையாது, அதுவே அடையாளம். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் அந்தக் கண்களுக்குக் கொடுமை. சிகிரியாப் பக்கம் சாம்பல் தேவாங்கு, தென்மேற்கின் மழைக்காட்டில் சிவப்புத் தேவாங்கு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 என்று எண் போட்டதை, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவதை வாங்குங்கள். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது ஆடும் ஜீப்பில் உதவாது.

கடைசியாகக் கடல். தெற்குக் கரையில் மிரிச என்ற ஊர்ப் பக்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீலத்திமிங்கிலம் வரும். அங்கேயும் வால்தான். அங்கே தென்படும் இன்னொன்றான எண்ணெய்த் திமிங்கிலம் (sperm whale) ஆழத்துக்கு இறங்கும்போது பெரும்பாலும் வாலை முழுசாகத் தூக்கிவிட்டுத்தான் போகும். நீலத்திமிங்கிலம் சில சமயம் தூக்கும், பல சமயம் தூக்காது. அதனால் மூச்சுத் தாரையையும் பாருங்கள்: நேராக உயர எழுந்தால் நீலத்திமிங்கிலம், முன்னால் சாய்ந்து இடப்பக்கம் போனால் எண்ணெய்த் திமிங்கிலம். நூறு மீட்டர் தள்ளியே நிறுத்துவீர்களா என்று படகுக்காரரிடம் காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். அப்புறம், வாந்திக்கு மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஏறின பிறகு போட்டால் நிற்காது.