மனச்சோர்வு மருந்து எழுதத் தொடங்குபவர்களுக்கு: ஒரே தாளில் கைக்குறிப்பு தயாரிப்பது எப்படி?

மனச்சோர்வுக்கு மருந்து எழுதத் தொடங்கும் இளம் மருத்துவர்கள் பலரும் மருந்துப் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே டோஸைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் தேவைதான். ஆனால் நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது பாதிக்குத்தான் கைகொடுக்கும். மருந்தைத் தொடங்குமுன் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும், அவசரப்பட்டு மருந்தை நிறுத்தியதும் செய்கிற கெடுதல் டோஸ் பட்டியலில் தெரியாது. அதனால், நோயாளி உள்ளே வந்ததிலிருந்து நடக்கிற வரிசையிலேயே குறிப்பை எழுதுவோம். ஒரு ஏ4 தாளின் இரண்டு பக்கமும் போதும்.

படி 1: மருந்துக்கு முன் கேட்க வேண்டியவை

தாளின் மேல்பகுதியில் எந்த மருந்தின் பெயரும் வர வேண்டாம். மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலின் மதிப்பெண் எல்லைகளை முதலில் எழுதுங்கள். மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. 5-லிருந்து லேசானது, 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து ஓரளவு கடுமையானது, 20-லிருந்து கடுமையானது. லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை தேவையில்லை. உளவியல் ஆலோசனையும் தொடர் கவனிப்பும் முதலில் வரட்டும்.

அந்தப் பட்டியலின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர எந்த விடை வந்தாலும் மேலே கேளுங்கள்: திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றது உண்டா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தயங்கவே வேண்டாம்.

அடுத்தது பைபோலார் நோய்: மனச்சோர்வும் மேனியா எனப்படும் மிகை உற்சாக நிலையும் மாறி மாறி வருவது. மனச்சோர்வு என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். அவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மேனியா கிளம்பிவிடலாம். "மேனியா வந்திருக்கா?" என்று யாரிடமும் கேட்க முடியாது. எனவே வாயால் சொல்லப்போகிற கேள்வியையே தாளில் எழுதி வையுங்கள்:

"எப்பவாவது நாலஞ்சு நாள் தொடர்ந்து, ராத்திரி சரியா தூங்காமலே களைப்பே தெரியாம, வழக்கத்துக்கு மீறின உற்சாகத்தோட, நிறைய பேசிக்கிட்டு, கையில இருக்கிற காசையெல்லாம் செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்களா?"

நோயாளி சம்மதித்தால் கூட வந்தவரிடமும் இதையே கேளுங்கள். அந்த நாட்களை நோயாளி தான் நன்றாக இருந்த நாட்களாகவே நினைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்தவர்தான் கவலைப்பட்டிருப்பார். விடை "ஆமாம்" என்றால் மருந்தைத் தொடங்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மீதியை ஒரே வரியில் முடிக்கலாம்: கர்ப்பம், பாலூட்டல், வலிப்பு, இதய நோய், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, மதுப்பழக்கம்.

படி 2: ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள்

இந்தப் பகுதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பழைய வகை மனச்சோர்வு மருந்துகளான எம்.ஏ.ஓ. தடுப்பான்களோடு, மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனினைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளை (செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸிடின் போன்றவை) சேர்க்கவே கூடாது. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க பொதுவாக 14 நாள் இடைவெளி வேண்டும். ஃப்ளூஆக்ஸிடினை நிறுத்திவிட்டு எம்.ஏ.ஓ. தடுப்பானுக்குப் போவதானால் 5 வாரம். ஃப்ளூஆக்ஸிடினும் அது உடலில் மாறி உருவாகும் பொருளும் அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறும்.

லினிசோலிட் ஓர் ஆன்டிபயாடிக் என்பதால் பலருக்கும் சந்தேகமே வராது, அதற்கும் எம்.ஏ.ஓ.வைத் தடுக்கும் தன்மை உண்டு. வலி மருந்தான டிராமடாலும் செரோட்டோனினைக் கூட்டும். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, கணுக்காலைச் சட்டென மேலே மடக்கிப் பிடித்தால் பாதம் தொடர்ந்து துடிப்பது – இவை தெரிந்தால் செரோட்டோனின் நச்சுநிலையைச் சந்தேகித்து அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

இபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரையோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபன் எடுப்பவருக்குப் பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின், பியூப்ரோபியான் மூன்றையும் தவிருங்கள். டாமோக்சிஃபனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்குகின்றன.

படி 3: மருந்து அட்டவணை

ஏழெட்டு மருந்துக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் அரைகுறையாகத் தெரிந்துவைப்பதைவிடச் சிலவற்றை நன்றாகத் தெரிந்துவைப்பது நல்லது. 21 மருந்துகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பில், பெரியவர்களுக்கு எல்லாமே போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. மருந்துகளுக்குள் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆகவே தேர்வு பெரும்பாலும் பக்கவிளைவையும் நோயாளியின் உடல்நிலையையும் பொறுத்தது.

ஒரு வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் செர்ட்ரலினை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் 50 மி.கி., பதற்றம் மிகுந்தவருக்கும் முதியவருக்கும் 25. உச்சம் 200. தினம் ஒரு வேளை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதல் வாரங்களில் வரும். பாலுறவுச் சிக்கல் நீடிக்கலாம், அதை நோயாளியாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். இதய நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய மருந்து.

மற்றவற்றுக்கு மறக்கக் கூடாத ஒன்றை மட்டும் எழுதினால் போதும். எஸ்சிடாலோபிராம் 10-இல் தொடங்கி உச்சம் 20, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியைக் கூட்டும் (அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்). மிர்ட்டசபின் இரவில் 15 முதல் 45; தூக்கமும் பசியும் கூடும், எனவே சாப்பிடாமல் தூங்காமல் மெலிந்துபோனவருக்கு ஏற்றது. வென்லாஃபாக்சினுக்கு இரத்த அழுத்தம் பாருங்கள். பியூப்ரோபியானை வலிப்பு உள்ளவருக்கும் உணவுண்ணல் கோளாறு உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது. அமிட்ரிப்டைலின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கி உயிரைக் குடிக்கும்; தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: சீட்டைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது

இதையும் பேச்சு நடையிலேயே எழுதி வையுங்கள். "முதல் ஒரு வாரம் குமட்டல், கொஞ்சம் படபடப்பு இருக்கலாம். பலன் தெரிய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும். பழகிப்போற மாத்திரையோன்னு பயப்படாதீங்க, ஆனா நீங்களா நிறுத்தவும் வேண்டாம். சாகணும்ங்கிற நினைப்பு கூடினா தேதி வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே வாங்க."

கடைசி வாக்கியம் இளைஞர்களுக்கு மிக முக்கியம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும், 2007-இல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. அவர்களை ஒரு வாரத்திலேயே மறுபடி பாருங்கள்.

படி 5: மறுபார்வை

இந்த இளைஞர்களைத் தவிர மற்றவர்களை 2 வாரத்தில், பிறகு 4 வாரத்தில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பி.எச்.கியூ-9 போட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். முதியவருக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். தொடங்கிய 2 முதல் 4 வாரத்துக்குள் ஒரு பரிசோதனை. சரியான டோஸில் 4 வாரமாகியும் அசைவே இல்லையென்றால், முதலில் மாத்திரையை உண்மையாகச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அப்புறம்தான் டோஸைக் கூட்டுவதும் மருந்தை மாற்றுவதும்.

படி 6: நிறுத்துதல்

பல கைக்குறிப்புகளில் இந்தப் பகுதி ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இங்கே இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் அதே டோஸ். திரும்பத் திரும்ப வந்தவருக்கு 2 ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல்.

நிறுத்தும்போது 'பாதி, பிறகு பூஜ்யம்' என்ற கணக்கு பலருக்கு ஒத்துவராது. சிறிய டோஸிலேயே செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் மூளையின் கடத்திகளில் பெரும்பகுதியை மருந்து பிடித்துவிடும். அதனால் செர்ட்ரலினை 100-லிருந்து 50-க்கு இறக்குவதைவிட 25-லிருந்து பூஜ்யத்துக்கு இறக்குவது உடலுக்குப் பெரிய சரிவு. கீழே போகப் போகக் குறைக்கும் அளவும் சிறிதாக வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பராக்ஸிடினிலும் வென்லாஃபாக்சினிலும் தொல்லை அதிகம், ஃப்ளூஆக்ஸிடினில் குறைவு.

நிறுத்தியபின் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். சில நாட்களிலேயே தொடங்கி, மருந்தைத் திரும்பக் கொடுத்ததும் சட்டென அடங்கினால் அது பெரும்பாலும் விலகல் அறிகுறி. மனச்சோர்வு திரும்புவது பொதுவாக வாரங்கள் கழித்து, மெல்ல மெல்ல.

படி 7: தேதி

தாளின் மூலையில் எழுதிய தேதியைப் போடுங்கள். உங்கள் நாட்டின் தற்போதைய சிகிச்சை நெறிமுறையோடு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். சிட்டலோபிராமின் உச்ச அளவை 60-லிருந்து 40 மி.கி.யாக எஃப்.டி.ஏ. 2011-இல் குறைத்தது, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20 மட்டுமே. பழைய தாளை வைத்து எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது. புதிதாக எழுதியதும் பழைய பிரதியைக் கிழித்துவிடுங்கள். சக மருத்துவர்களுக்குக் கொடுத்த நகல்களையும் கேட்டு வாங்கி மாற்றிக்கொடுங்கள்.