முதல் சரித்திரக் காதல் நாவலுக்கு வந்த கருத்துகளை வைத்து என்ன செய்வது: நான் தடுக்கி விழுந்து கற்ற முறை

போன வருஷம் என் முதல் நாவலைக் கிண்டிலில் ஏற்றினேன். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களை (கோயில் ஆடற்பெண்களை)க் கொண்டுவந்து குடிவைத்த சமயத்தில் நடக்கிற கதை. திருவாரூரிலிருந்து வந்த ஒருத்திக்கும், அதே கோயில் சுவரில் எழுத்து வெட்டுகிற கல்தச்சன் ஒருவனுக்கும் காதல். அந்த 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்வெட்டில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் (கலம் அந்தக் காலத்து அளவை) நெல். இவ்வளவு கையில் இருந்தால் கதை தானாக ஓடிவிடும் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. இரண்டு மாதத்தில் நாற்பது சொச்சம் கருத்துகள் வந்தன. ‘ஆரம்பம் இழுவை’ என்று நாலு பேர் சொன்னதும் முதல் மூன்று அத்தியாயங்களை வெட்டி எறிந்தேன், அடுத்து வந்தவர்கள் ‘யார் யாரென்றே புரியவில்லை’ என்றார்கள். திரும்ப ஒட்டினேன். இந்தக் கூத்தை நீங்களும் ஆட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

கூகுள் ஷீட்ஸ் போதும். நாலு பத்தி (நெடுவரிசை): வாசகர் சொன்னது, எங்கே சொன்னார், நாவலில் எந்த இடம், எங்கே படிப்பதை நிறுத்தினார். முதல் பத்தியில் அவர்கள் வார்த்தையை அப்படியே போடுங்கள், உங்கள் சுருக்கம் வேண்டாம். ‘அவன் பேச்சு எரிச்சல்’ என்று ஒருவர் எழுதியதை நான் ‘வசனம் சரியில்லை’ என்று குறித்து வைத்து ஒரு வாரம் வசனத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது அவன் குணத்தை.

ஃபேஸ்புக்கில் வருவதை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், எழுதியவரே மறுநாள் திருத்திவிடுவார். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை. சொந்தக்காரர்களை அமேசானில் கருத்துப் போடச் சொல்லாதீர்கள், குடும்பத்தார் எழுதுவதை அமேசான் விதி அனுமதிப்பதில்லை. ஆனால் தாளில் அவர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள். என் அத்தை அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் நோட்டில் மூன்றரை நிமிடம் அவர் மூட்டுவலி, கடைசியில் ‘அந்தப் பொண்ணு ஊருக்கே போயிருக்கலாம்டி’. அதுவும் ஒரு வரி.

இதையெல்லாம் ஏஐ-யிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன். ‘மொழி சிறப்பு, வேகம் குறைவு’ என்று வந்தது. எந்த இடத்தில் என்பது அதில் தொலைந்துவிட்டது, நமக்கு வேண்டியதே அதுதான்.

படி 2: நட்சத்திரத்தைத் தனியே ஒதுக்குங்கள்

வாசகர்கள் புத்தகங்களுக்குக் கருத்துப் போடுகிற குட்ரீட்ஸில் மூன்று நட்சத்திரம் என்றால் ‘பிடித்தது’ என்று அந்தத் தளமே சொல்கிறது, இரண்டு என்றால் ‘பரவாயில்லை’. அமேசானில் மூன்று போடுகிறவர் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்கிற மனநிலையில் இருக்கிறார். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்ப்பது வீண் வேலை.

படி 3: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

ஆறு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: ‘காதல் ஒட்டவில்லை.’ சரி, காதல் போதவில்லை போலிருக்கிறது என்று வெண்ணாற்றங்கரையில் நிலா வெளிச்சத்தில் இரண்டு காட்சி சேர்த்தேன், மல்லிகையெல்லாம் வைத்து. அதைப் படித்த புது ஆட்களும் ஒட்டவில்லை என்றே சொன்னார்கள்.

அப்புறம் தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு ‘காதல் எப்படி இருந்தது?’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் அவனை உங்களுக்குப் பிடிக்காமல் போனது?’ என்று கேட்டேன். மூன்று பேரும் ஏழாம் அத்தியாயத்தைச் சொன்னார்கள். அதில் நாயகன் கணக்கனைக் கெஞ்சி, அவள் வீட்டைத் தன் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிவிட்டு, புது வீட்டு எண்ணைச் சுவரில் தன் கையாலேயே வெட்டுவான். எனக்கு அது பெரிய காதல் காட்சி. உளி விழுகிற சத்தத்தையே அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ‘அவளைக் கேட்டானா?’ என்றார் ஒரு வாசகி, அவ்வளவுதான்.

கேட்கவில்லை. அரசன் ஆணையால் ஊரை விட்டு வந்தவளை இவன் இன்னொரு தடவை இடம் மாற்றுகிறான், நான் அதற்கு நிலா வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாற்றியது மொத்தம் பதினாலு வரி. இப்போது அவன் முதலில் அவளிடம் வந்து கேட்கிறான். அவள் முடியாது என்கிறாள், திருவாரூரிலிருந்து கூட வந்த தோழி அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவன் பழைய எண்ணையே வெட்டுகிறான். ஆற்றங்கரைக் காட்சி இரண்டையும் தூக்கிவிட்டேன்.

ஆகவே மூன்றாவது பத்தி நிரம்பாத வரை எந்தக் கருத்துக்காகவும் கோப்பைத் திறக்காதீர்கள். வலிக்கிறது என்று வாசகர் சொன்னால் வலி நிஜம். மருந்தையும் அவரே சொன்னால் அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாலாவது பத்தியைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார்கள் என்பதை கேடிபி (நாம் கிண்டில் புத்தகம் ஏற்றுகிற அமேசான் தளம்) தருகிற அறிக்கை காட்டாது.

படி 4: தகவல் பிழை என்றால் வாதாடாமல் திருத்துங்கள்

சோழர் காலக் கதையில் மிளகாய், தக்காளி கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் சமையலறையை உஷாராகத்தான் எழுதினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வேறு பட்டியல் அனுப்பினார்: ஜன்னல், சாவி, அலமாரி. மூன்றும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொற்கள், அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலில் வந்ததே 1498-ல், என் கதை நடப்பது 1010-ஐ ஒட்டி. நாயகி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், ஏழு தடவை! சாளரம் என்று மாற்றினேன். செண்டுமல்லி மாலையும் போனது, அது மெக்சிகோ பக்கத்துப் பூ. ‘ஐந்து நிமிடம் காத்திருந்தான்’ என்று ஓரிடம். ஒரு நாழிகையே 24 நிமிடம் என்பதால் அங்கே நாழிகையும் பொருந்தவில்லை, ‘வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம்’ என்று வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். சாவி என்பதைத் திறவுகோல் என்று ஒரே அமுக்கில் மாற்றினேன், கதையில் சாவித்திரி என்று ஒரு பாட்டி இருந்தாள், ‘திறவுகோல்த்திரி’ ஆகிவிட்டாள். ‘சாவியை’ எல்லாம் ‘திறவுகோல்யை’. வேற்றுமை உருபு ஒட்டுகிற மொழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

(சேர்க்கை: ‘சோழ’ என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு விதமான தட்டச்சுக் கருவியில் எழுதி ஒட்டியிருப்பீர்கள். ஒன்று ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகச் சேமிக்கும், இன்னொன்று ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில மென்பொருளுக்கு இரண்டும் வேறு. பிடிபடாத இடத்திலிருந்து சொல்லை நகலெடுத்து அதையே தேடுபெட்டியில் ஒட்டித் தேடுங்கள்.)

படி 5: திரும்ப ஏற்றுவது

புதுப் புத்தகமாக ஏற்றாதீர்கள், வந்த கருத்துகள் புதுப் பக்கத்துக்குக் கூடவே வராது. கேடிபியில் பழைய புத்தகத்தையே திறந்து கோப்பை மட்டும் மாற்றுங்கள், 72 மணி நேரம் வரை ஆகலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் அமேசான் கணக்கில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்திருந்தால்தான் அவர்களுக்குப் புதியது போகும். என் அத்தை கையில் இருப்பது இன்னும் திறவுகோல்த்திரி பதிப்புதான்.

மோசமான கருத்துக்குப் பதில் எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். கை அரித்தால் தாளில் ஐந்தாவது பத்தி ஒன்று போட்டு அதில் திட்டிக்கொள்ளுங்கள், என்னுடையதில் இருக்கிறது.

இப்போது என் தாளில் ஒரே ஒரு வரிதான் மஞ்சளில் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவள் திருவாரூருக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று குட்ரீட்ஸில் ஒருவர் எழுதியிருக்கிறார். அத்தை சொன்னதும் அதையேதான். இரண்டு பேர்தானே என்று இன்னும் கை வைக்கவில்லை.