வீட்டு மண்புழுத் தொட்டி: புழுக்களைக் கொல்லும் தவறுகள்

சமையலறைக் கழிவை உரமாக்க ஆசையோடு மண்புழுத் தொட்டி வைத்தவர்களில் பலர் இரண்டாம் மாதமே அதைக் கைவிடுகிறார்கள். புழுக்கள் மடிந்துவிட்டன என்றோ தொட்டி நாறுகிறது என்றோ அவர்கள் சொல்லும் காரணத்தைச் சற்று விசாரித்தால், பெரும்பாலும் தொடக்க நாள்களின் அவசரமே அதற்கு அடியில் இருக்கும்.

தோட்டத்தைக் கொத்தும்போது கிடைக்கும் புழுக்களைத் தொட்டியில் விடுவது முதல் தவறு. அவற்றில் பல மண்ணுக்குள் வளை அமைத்து வாழ்பவை. சமையலறைக் கழிவு மட்டும் நிறைந்த தொட்டி அவற்றுக்கு ஒத்துவராது. மட்கும் இலைதழைகளுக்கிடையே மேற்பரப்பில் வாழும் ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜீனியே, நம் நாட்டு இனமான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவையே இதற்கு ஏற்றவை.

புழுக்கள் வந்த அன்றே, அவை தங்கி வாழும் சாணம், நார்த் தூள் போன்றவற்றின் அடுக்கான படுக்கையை அமைத்து, அன்றே அவற்றை அதில் விடுவது இன்னும் பெரிய தவறு. புதுச் சாணம் மட்கத் தொடங்கும்போது சூடேறி அம்மோனியாவையும் வெளிவிடுவதால், அதை நிழலில் இரண்டு வாரமாவது அவ்வப்போது கிளறி ஆறவிட்ட பின்பே பயன்படுத்த வேண்டும். கடையில் கட்டியாகக் கிடைக்கும் தென்னை நார்த் தூளில் உப்பு மிகுந்திருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே அது பாதுகாப்பானது. என் முதல் தொட்டியில் கழுவாத தூளைப் பரப்பியதால், மறுநாள் காலை புழுக்கள் விளிம்பேறிக் காய்ந்து கிடந்தன. அந்தக் காட்சி இன்றும் என்னை வருத்துகிறது. அதன் பிறகு, முதலில் பத்துப் புழுக்களை மட்டும் விட்டு, அவை ஒரு நாளில் உள்ளே இறங்கித் தங்குகின்றனவா என்று பார்த்த பின்பே மற்றவற்றை விடுகிறேன்.

உணவு இடுவதில்தான் நம் அன்பு அளவு மீறுகிறது. நன்கு பழகிய தொட்டியில் ஒரு கிலோ புழுக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ கழிவைத் தின்னும் என்றாலும், புதிய தொட்டியில் அதில் கால் பங்கோடு தொடங்கி, முன்பு இட்டது கரைந்த பிறகே அடுத்ததை இட வேண்டும். இல்லையென்றால் மிஞ்சிய கழிவு புளித்துச் சூடாகி, ஈக்களை வரவழைக்கும். சாம்பார் சாதம், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றை இடவே கூடாது. புழு தோலால் சுவாசிக்கும் உயிர். உப்பு அந்தத் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களையும் மீன், இறைச்சி, பால் பொருள்களையும் தவிர்ப்பது நல்லது. வாழைப்பழத் தோல், காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, பொடித்த முட்டை ஓடு ஆகியவற்றைப் படுக்கைக்குள் புதைத்து வைத்தால் போதும்.

ஈரம் வேண்டும் என்பதற்காகத் தினமும் நீர் ஊற்றுபவர்கள், சுரைக்காயும் வெள்ளரியும் பெரும்பகுதி நீரே என்பதை மறந்துவிடுகிறார்கள். படுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே வர வேண்டும். நீர் ஒழுகினால் காய்ந்த சருகையோ கிழித்த செய்தித்தாளையோ கலக்கலாம். தொட்டியின் அடியில் துளையில்லாவிட்டால், எவ்வளவு கவனித்தாலும் புழுக்கள் மூச்சுத் திணறி இறக்கும். அடியில் வடியும் கறுப்பு நீர் நாற்றமடித்தால், அது செடிக்கு ஊற்றத்தக்க உரநீர் அன்று. உள்ளே காற்றில்லாமல் அழுகுகிறது என்பதற்கான அறிகுறி.

கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் தொட்டியை விட்டுவைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: படுக்கையின் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டினால் புழுக்களின் உயிருக்கே ஆபத்து. படிக்கட்டின் அடியில் வைத்து, நனைத்த சாக்கால் மூட வேண்டும். எறும்பு வந்தால் மருந்துத் தூள் தூவாதீர்கள். அது புழுவையும் கொல்லும். தொட்டியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினாலே எறும்பு ஏறாது.

உரத்தை எடுக்கும்போதும் பொறுமை வேண்டும். நான்கைந்து நாள் நீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வெளிச்சமான நிழலில் குவியலாகக் கொட்டினால், ஒளியை வெறுக்கும் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். தேயிலைத் தூள் போன்ற மேல் உரத்தை அடுக்கடுக்காக வழித்தெடுக்கலாம். சலித்த உரத்தை வெயிலில் காயவைப்பவர்கள் பயனுள்ள நுண்ணுயிர்களை இழப்பதோடு, அதில் கலந்திருக்கும், எலுமிச்சை வடிவிலான சிறு முட்டைக்கூடுகளையும் அழிக்கிறார்கள். சலிப்பில் மிஞ்சும் கட்டிகளையும் உரத்தில் ஒரு பங்கையும் புதிய படுக்கையில் கலந்துவிட்டால், சில வாரங்களில் அங்கே நூல் போன்ற குஞ்சுகள் நெளியத் தொடங்கும்.