நீலம் பாரித்த பைன் பலகைகள்

ஒன்ராறியோவில் எங்கள் காணியில் காற்றுக்கு விழுந்த வெள்ளைப் பைன் மரம் இரண்டை, இழுத்துச் செல்லக்கூடிய பான்ட்சோ மில்லை (பட்டை வாளால் மரம் அறுக்கும் இயந்திரம்) கொண்டு வந்து ஒரு அங்குலப் பலகைகளாக அறுத்தோம். பிசின் பிளேடில் அப்பிக்கொண்டு வெட்டு அலையலையாகப் போனது. தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து சொட்டவிட்டதும் நேரானது.

நான் விட்ட பிழை அதற்குப் பிறகுதான். மழைக்குப் பயந்து பச்சைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாயால் முழுக்க மூடிவிட்டேன். ஜூலை மாதச் சூடு. பத்தாம் நாள் திறந்தபோது புளித்த வாடை. தேன் நிறப் பலகைகளில் மை கொட்டியதுபோல நீலத் திட்டுகள். மனம் உடைந்துபோனது. அது பூஞ்சை, பலகையின் பலத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் சீவினாலும் நிறம் போகாது.

மிச்சத்தை அன்றே பிரித்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான அடித்தளம். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் முக்கால் அங்குலக் காய்ந்த மரச் சட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்று. மேல் சட்டம் கீழ்ச் சட்டத்துக்கு நேரே இருக்க வேண்டும். ஒரு மூலையில் அது விலகியதால் இரண்டு பலகைகள் நெளிந்துவிட்டன. மேலே மட்டும் தகரம், அதன்மேல் பாரக் கற்கள். பக்கங்கள் காற்றுக்குத் திறந்தே இருந்தன.

செப்டெம்பர் கடைசியில் ஈரமானி பலகையில் 17 சதவீத ஈரம் காட்டியது. அலுமாரி செய்ய அந்தளவு காய்ந்தது போதாது என்பதால் பலகைகளை வீட்டுக்குள் எடுத்து, 9 சதவீதம் வரும்வரை காத்திருந்தேன்.