கச்சேரிப் பணம் என் கணக்கில் வந்தால், வரி யாருக்கு?

கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கினால் புத்தாண்டு ராத்திரி வரை எங்கள் குழுவுக்கு ஓட்டம்தான். பாட்டுக்கு இரண்டு பேர், டிரம்ஸ், கிட்டார், கீபோர்டில் நான். வேனும் சவுண்டும் வாடகை. பணம் மொத்தமும் என் வங்கிக் கணக்கில்தான் வந்து விழும். சிக்கலும் அங்கேதான்.

கன்னியாகுமரியில் ஒரு ஹோட்டலில் புத்தாண்டுக் கச்சேரி. பேசியது 60,000, வந்தது 54,000. "ஆறாயிரத்தை அமுக்கிட்டானுவ" என்று டிரம்ஸ்காரர் சண்டைக்கே கிளம்பிவிட்டார். அமுக்கவில்லை, டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள்; அதாவது பணம் கொடுக்கும்போதே ஒரு பங்கை வரியாகக் கழித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டுவது. ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தொழில் கட்டணமாகக் கொடுப்பது 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் 20. கல்யாண வீட்டார் எதுவும் பிடிக்க மாட்டார்கள்; அதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

பிடித்த பணம் நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப்பிடித்த விவரத்தில் பாருங்கள். எனக்கு ஏறவே இல்லை. போனில் நான் சொன்ன பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார்கள். தக்கலையிலிருந்து மூன்று தடவை பைக்கில் போய் நின்ற பிறகுதான் திருத்தினார்கள். இப்போதெல்லாம் பான் அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன், டிடிஎஸ் சான்றிதழையும் கேட்டு வாங்குகிறேன்.

ரிட்டர்னில், அதாவது வருஷா வருஷம் போடும் வருமான வரிக் கணக்கில், வரவாகக் காட்ட வேண்டியது கைக்கு வந்த 54,000 அல்ல, முழு 60,000. அதிலிருந்து செலவைக் கழிக்கலாம். அன்றைக்கு சவுண்டு 12,000, வேன் 6,000, மற்ற நால்வருக்கும் ஆளுக்கு 7,000. மிச்சம் 14,000தான் என் வருமானம். இது எனக்குத் தெரியும், வருமான வரித் துறைக்குத் தெரியாதே! அதனால் எல்லாருக்கும் ஜிபேயில்தான் அனுப்புகிறேன். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். சவுண்டுக்காரரின் 12,000 அங்கேயே அடிபட்டுவிடும். நால்வரும் வாங்கிய பங்கு அவரவர் வருமானம், அவரவர் கணக்கு.

என் பாட்டு நோட்டை முன்னாலிருந்து திறந்தால் எந்தப் பாட்டு எந்த ஸ்கேல் என்று இருக்கும். பின்னாலிருந்து திறந்தால் தேதி, ஊர், வரவு, யாருக்கு எவ்வளவு. பில்கள் ஒரு கவரில். கீபோர்டு வாங்கிய விலையை ஒரே வருஷத்தில் கழிக்க முடியாது. தேய்மானமாக வருஷத்துக்கு 15 சதவீதம், வாங்கிய வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. கச்சேரி முடிந்து தின்னும் புரோட்டாவைச் செலவில் எழுதலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை டாக்டர், வக்கீல் போன்ற சில தொழில்களுக்குத்தான்; கலைஞர்களில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் சினிமாக் கலைஞர்கள். திருவிழா மேடையில் வாசிக்கிறவர் அதில் தானாகச் சேர்ந்துவிட மாட்டார். நான் உள்ளபடி கணக்கெழுதி, தொழில் வருமானத்துக்கான ரிட்டர்ன் படிவமான ஐடிஆர் 3 போடுகிறேன். ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை நம்மைப் போன்றவர்களுக்கு வரி வராது. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் பிடித்த பணம் திரும்பும். எனக்கு 6,000 வந்த அன்று டிரம்ஸ்காரர் போன் பண்ணினார்: "அதுல எனக்கு எவ்வளவு?" 54,000-ஐ அல்ல, 60,000-ஐக் கணக்கு வைத்துத்தான் அன்றைக்கே பங்கு பிரித்தேன் என்று நோட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.